நாலாவது கிராஸ் ராஜ்யோத்சவக் கமிட்டி

ஸ்ரீராம்புரம் நாலாவது கிராஸில் ராஜ்யோத்சவம் நடக்கிற தடபுடலை சட்டசபை கூடுகிற விதான சௌதாவில்கூடப் பார்க்க முடியாது. நவம்பர் ஒன்று, கர்நாடக மாநிலம் பிறந்த நாள். அன்றைக்கு அந்தச் சந்து முழுக்க மஞ்சளும் சிவப்புமாகத் தோரணம், கன்னடத் தாய் புவனேஸ்வரி படம் வைத்த வண்டி, காதைக் கிழிக்கும் மைக் செட், வருவோர் போவோருக்கெல்லாம் கேசரிபாத். இத்தனையும் நடத்துகிற கமிட்டியில் இருப்பவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தமிழர்கள். வேலூர், திருவண்ணாமலை, தர்மபுரி என்று தாத்தன் காலத்தில் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வீட்டுக்குள் தமிழில் சண்டை போட்டுவிட்டு, வாசலுக்கு வந்து கன்னடத்தில் கோஷம் போடுவார்கள். சிரிக்க வேண்டாம். அவர்கள் அதை வேடிக்கைக்காகச் செய்யவில்லை.

கமிட்டியைத் தொடங்கியவன் உத்தமன். ஷாமியானாக் கடை வைத்திருந்தான். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் பந்தல் துணி, மடக்கு நாற்காலி, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பான். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீர்க் கலவரம் வந்தபோது முதலில் எரிந்தது அவன் கொட்டகைதான். நாற்காலிகள் கொழுந்துவிட்டு எரிய, சந்தில் இருந்த கதவுகள் எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே தாழ் போட்டுக்கொண்டன. உத்தமனின் மனைவி ராதாவுக்கு வேறு வழி தெரியவில்லை. பத்து வயது மகன் ரவியைத் தூக்கி, பிரியாணி அண்டா ஒன்றுக்குள் உட்கார வைத்து, மேலே தட்டைப் போட்டு மூடிவிட்டாள்.

கும்பல் போனபிறகு தட்டை எடுத்தார்கள். பையன் அழவில்லை. டிராயரோடு நனைந்து, கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்தபோது அவன் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிக்கொண்டான். பெற்ற அப்பனைப் பார்த்தே பயந்த அந்த முகத்தை உத்தமனால் மறக்க முடியவில்லை. அந்தப் பயம் இனி என் பிள்ளை முகத்தில் வரக்கூடாது, அதற்கு என்ன விலை கொடுத்தாலும் சரி என்று அன்றைக்கே மனதில் முடி போட்டுக்கொண்டான்.

அடுத்த நவம்பரில் ஷாமியானாவுக்கு நடும் இரும்புக் குழாய் ஒன்றைச் சந்து முனையில் நட்டுக் கொடியேற்றினான். ராஜாஜிநகர்ப் பக்கம் ஒரு பெரிய கன்னடச் சங்கம் இருந்தது. அதன் தலைவர் கோவிந்தப்பாவைக் கையில் காலில் விழுந்து அழைத்து வந்தான். அவர் வெள்ளைச் சட்டையும் மஞ்சள் சிவப்புத் துண்டுமாக மேடையேறி, இந்த மண்ணில் உண்டு, இந்த நதியைக் குடிக்கிறவர்கள் எல்லோரும் உங்களைப் போல இருந்துவிட்டால் சண்டையே இல்லை என்றார். நாலாவது கிராஸ் கைதட்டியது. தமிழ்நாட்டில் எவனாவது ஒருவன் மேடையேறித் தமிழ் ரத்தம் கொதிக்கிறது என்று கத்துவான். கத்திவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். எரிவதோ இங்கே உத்தமனின் நாற்காலி. இந்தப் பக்கத்து மேடைக்காரர்களும் அதே ஜாதிதான். நாடு, இனம், தாய் என்பதெல்லாம் மேடையில் இருப்பவர்களுக்குப் பேச்சு. நாலாவது கிராஸ்காரர்களுக்கு அது தலைக்கு மேலே கூரை நிற்குமா விழுமா என்கிற விஷயம்.

வருஷத்துக்கு வருஷம் விழா பெரிதானது. மாரியம்மன் கூழ் ஊற்றுகிற அன்றைக்கும் மைக்கில் கன்னடப் பாட்டு வந்தது. தமிழ்ப் பேப்பரை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். ரவியைக் கன்னடப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். பையன் கன்னடத்தைத் தண்ணீர் மாதிரி பேசினான். அதோடு நின்றதா? கடையில் அம்மா பேசும் கன்னடத்தை நாலு பேர் எதிரில் திருத்தினான். பத்தொன்பது வயதில் மணிக்கட்டில் மஞ்சள் சிவப்புக் கயிறு, கமிட்டியின் இளைஞர் அணித் தலைவர் பதவி. மாநில வாழ்த்துப் பாட்டைக் கேட்டால் அவனுக்கு உண்மையாகவே கண் கலங்கும். உத்தமன் போட்டது வேஷம். பையனுக்கு அது வேஷம் இல்லை. அந்த வித்தியாசத்தை உத்தமன் கவனித்தான். நல்லதுதானே என்று விட்டுவிட்டான்.

இரண்டாயிரமாவது வருஷம் காட்டுக் கொள்ளைக்காரன் ஒருவன் கன்னடத்தின் பெரிய நடிகரைத் தூக்கிக்கொண்டு போனான். கொள்ளைக்காரன் தமிழ் பேசுகிறவன். போதாதா? ஊரே இழுத்து மூடியது. அந்த நடிகரின் படம் மாட்டாத வீடு நாலாவது கிராஸிலும் கிடையாது. ராதா வாய்விட்டு அழுதாள். ஆனால் அவள் அழுததை யார் வந்து பார்த்தார்கள்? பொழுது சாயும் முன்பே எல்லோரும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்கள்.

சில நாள் கழித்துக் கோவிந்தப்பாவின் சங்கம் ஓர் ஊர்வலம் அறிவித்தது. நடிகரை விடுவிக்கக் கோரி ஸ்ரீராம்புரம் வழியாகப் போகும். கோவிந்தப்பா உத்தமனைக் கூப்பிட்டுச் சொன்னார். குரலில் சூடே இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உத்தமன் அவ்ரே, நம்ம ஹுடுகரு கொஞ்சம் பிசி ரத்தம். தாரியில தமிழ் எழுத்து எதுவும் கண்ணுல படாம பாத்துக்கோங்க. ஆமேலெ என்னைக் கேக்கக்கூடாது." பையன்கள் சூடான ரத்தம், வழியில் தமிழ் எழுத்து தெரிந்தால் பிறகு நடப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

உத்தமன் ஒரு தகர டப்பாவில் தாரைக் கரைத்துக்கொண்டு ரவியோடு கிளம்பினான். டெய்லர் கடைப் பலகை, சலூன் கண்ணாடி, செத்துப்போன ஒரு தலைவரின் பெயர் எழுதிய சுவர் எல்லாம் கறுப்பாயின. மாரியம்மன் கோயில் வாசலில் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர் வெட்டிய கல் ஒன்று இருந்தது. அதில் உத்தமனின் அப்பா பெயரும் உண்டு. அதன்மேல் ஒரு கொடியை ஒட்டி மறைத்தான்.

கடைசியாகச் சந்திரம்மாவின் இட்லிக் கடை. சந்திரம்மா மாகடிப் பக்கத்துக் கன்னடக்காரி. புருஷன் போனபிறகு தனியாகக் கடை நடத்துகிறவள். வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் தமிழர்கள் என்பதால் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். தகரப் பலகையில் மேலே கன்னடம், கீழே அதைவிடப் பெரிதாகத் தமிழ் எழுதி மாட்டியிருந்தாள்.

"இன்னா உத்தமா, தாரு டப்பாவோட? எம் போர்டுக்கா?"

"ஒரு நாளைக்குத்தான் அக்கா. ஊர்வலம் போனதும் நானே சுத்தம் பண்ணிக் குடுக்கிறேன்."

"ஏ ஹோகு! எங்கப்பன், எங்க தாத்தன் எல்லாம் கன்னடத்துல பொறந்து கன்னடத்துல செத்தவங்க. எங்கிட்ட எவன் வந்து கேக்கிறான்னு பாக்கிறேன். உங்க பொம்பளைங்க அதைப் படிச்சிட்டு வந்து இட்லி வாங்கிக்கினு போறாங்க. அதுல இன்னா தப்பு? போ, போ. நாளைக்கு ஊர்வலத்துக்கு போண்டா, மோரு எல்லாம் நாந்தானே குடுக்கணும்? அதுக்கு அடுப்பு மேல நிழலுக்குப் பந்தல் துணி கட்டிக் குடு, அது போதும்."

அவளுக்குப் பயம் என்பதே இல்லை. அதைப் பார்த்து உத்தமனுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவள் சொல்வது நியாயம்தான், கன்னடக்காரியிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று டப்பாவை மூடினான். அவன் செய்த தப்பு அதுதான். வேண்டுமென்று செய்யவில்லை, பயந்து பயந்தே வாழ்ந்தவனுக்கு, பயப்பட வேண்டாதவர்களுக்கும் ஆபத்து வரும் என்பது தோன்றவில்லை.

"அப்பா, அதுவும் தமிழ்தானே?" என்றான் ரவி.

"டேய், அவங்க கன்னடக்காரங்க. நம்ம மாதிரியா? அவங்களுக்கு இதெல்லாம் தேவையில்ல."

ரவியின் முகம் சுருங்கிப்போனது.

மறுநாள் நல்ல வெயில். ஊர்வலம் மேளமும் கோஷமுமாக வந்தது. சந்து முனையில் கமிட்டிப் பையன்கள் கொடியோடு சேர்ந்துகொண்டார்கள். ரவி முன்வரிசையில், மூங்கில் கழியில் கட்டிய கொடியைத் தூக்கிப் பிடித்து, தொண்டை வற்றக் கத்திக்கொண்டு வந்தான். கோவிந்தப்பாவின் வேன் எங்கேயோ பின்னால் இருந்தது. சந்திரம்மா கடை வாசலில் அடுப்பை வைத்து, எண்ணெய் காய்ந்த வாணலியில் போண்டா போட்டுக்கொண்டிருந்தாள். உத்தமன் பக்கத்தில் மோர் அண்டாவை இறக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏய், அல்லி நோட்ரோ! தமிழு!"

அங்கே பாருங்கடா என்று யாரோ ஒருவன் கை நீட்டினான். சந்து முழுக்கத் தாரடித்துக் கறுப்பாகக் கிடக்க, மிச்சமிருந்த ஒரே தமிழ் எழுத்து பளிச்சென்று அந்தப் பலகையில் நின்றது. கூட்டம் நின்றது. வெளியூர்ப் பையன்களுக்குச் சந்திரம்மா யார் என்று தெரியாது. அவர்கள் பலகையைப் பார்த்தார்கள், பிறகு கமிட்டிப் பையன்களைப் பார்த்தார்கள். இது உங்கள் கிராஸ்தானே, இதுதான் நீங்கள் காட்டுகிற லட்சணமா என்று ஒருவன் கன்னடத்தில் கேட்டான். இன்னொருவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு ரவியைக் கிளப்பிவிட்டது. கொடிக் கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினான். சந்திரம்மா நிமிர்ந்து பார்த்து, பழக்கத்தில் தமிழிலேயே கத்தினாள்.

"ரவி, வேணாண்டா! எண்ணெ காயுதுடா!"

மேளச் சத்தத்தில் பெயர் மற்றவர்கள் காதில் விழவில்லை. தமிழ் விழுந்தது. கூட்டம் ஓவென்று இரைந்தது. ரவி கழியை ஓங்கிப் பலகையில் அடித்தான். ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டது. பலகை சரிந்து, ஊஞ்சல் மாதிரி ஓர் ஆட்டம் ஆடி, மற்ற ஆணியும் விட்டு, நேராக வாணலியில் விழுந்தது. கொதிக்கும் எண்ணெய் அவள் தோளிலும் கையிலும் கொட்டியது. தீ அடுப்பிலிருந்து எழும்பி மேலே கட்டியிருந்த பந்தல் துணியைப் பிடித்தது. அது உத்தமனின் துணி. அவன் மோர் அண்டாவை அப்படியே தூக்கி ஊற்றினான், சாக்கை நனைத்து அவள்மேல் போட்டான். நிமிர்ந்து பார்த்தபோது கூட்டம் சிதறி ஓடிக்கொண்டிருந்தது. ரவி மட்டும் கழியும் கையுமாக நின்றிருந்தான். சந்திரம்மாவும் அவனைத்தான் பார்த்தாள்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. வரும்போது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தது: ஸ்ரீராம்புரத்தில் தமிழர்கள் ஒரு கன்னடப் பெண்ணை உயிரோடு கொளுத்திவிட்டார்கள்.

"நான் போர்டைத்தான்பா அடிச்சேன்," என்றான் ரவி. "எல்லாரும் என்னையே பாத்தாங்கப்பா. நான் அடிக்கலன்னா நம்மளை இன்னா நெனைப்பாங்க?"

"அவ யாருன்னு உனக்குத் தெரியாதா? அவ கையில வாங்கித் தின்னு வளந்தவன்தானே நீ?" ராதா கத்தினாள். பிறகு குரலை அடக்கிக்கொண்டாள். "அவ வாயில இவன் பேரு வந்துச்சின்னா போலீஸ் வர்றதுக்கு மொதல்ல அவனுங்க வந்துடுவானுங்க. இந்தச் சந்தே மிஞ்சாது. இவனை ஊருக்கு அனுப்பிடுங்க."

எந்த ஊருக்கு? பஸ் எல்லையைத் தாண்டவில்லை. ரவிக்குத் திருவண்ணாமலையில் யாரையும் தெரியாது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. சந்தில் ஒவ்வொரு வீடாகப் பித்தளைப் பாத்திரத்தையும் ரேஷன் கார்டையும் மூட்டை கட்டினார்கள். யாரும் உத்தமன் வீட்டு வாசல் பக்கம் வரவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரியும். இவன் ஒருவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டால் மற்ற வீடுகள் பிழைக்குமே என்று நாலு பேராவது நினைத்திருப்பார்கள். உத்தமனுக்கே அந்த நினைப்பு ஒரு கணம் வந்தது. வந்ததற்காகத் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சந்திரம்மாவின் காலில் விழுந்துவிடலாம் என்று சட்டையை மாட்டினான். அதற்கும் வழியில்லாமல் போயிற்று. கோவிந்தப்பாவின் சங்கத்து வேன் அவளை ஏற்றிக்கொண்டு சந்துக்குள் வந்து நின்றது. பின்னால் இரண்டு லாரி நிறைய ஆட்கள். கையில் கழி இருந்தது. சில கழிகளில் கொடி இருந்தது, சிலவற்றில் இல்லை.

சந்திரம்மா இறங்கினாள். தோளிலிருந்து விரல்வரை கட்டு. கழுத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. கரிந்துபோன கடை வாசலில் யாரோ நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

கோவிந்தப்பா முதலில் உத்தமனிடம் வந்தார். யார் செய்தது என்று கேட்டார், சிரிப்பு இல்லை. "யாரு மாடித்து, உத்தமன் அவ்ரே?"

"கொத்தில்ல அண்ணா," என்றான் உத்தமன். எனக்குத் தெரியாது. யாரோ வெளி ஆட்கள் என்று கன்னடத்தில் ஏதோ இழுத்தான். அவன் பின்னால், கதவு இடுக்கில், ரவி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தப்பா அவனைப் பொருட்படுத்தாமல் சந்திரம்மாவிடம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கும்படி கன்னடத்தில் கேட்டார். "பயப்படாமல் சொல்லு தாயி. தமிழ்ப் பையன்கள்தானே? யார் என்று கையைக் காட்டு. மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

லாரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மாடியில் யாரோ ஒரு குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். சந்திரம்மா சந்தை ஒருமுறை பார்த்தாள். தாரடித்த பலகைகளையும், மூட்டை கட்டி வைத்த வாசல்களையும், உத்தமனையும், அவன் வீட்டுக் கதவு இடுக்கையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. உத்தமன் கும்பிடக்கூடக் கை தூக்கவில்லை. கும்பிட்டால் காட்டிக் கொடுத்ததாகிவிடுமே.

"இல்லை," என்றாள் சந்திரம்மா. அத்தனை வருஷமாக அந்தச் சந்து அவள் வாயில் கேட்டிராத சுத்தமான மாகடிக் கன்னடத்தில் பேசினாள். "தமிழர்கள் யாரும் என்னைத் தொடவில்லை. அடித்தவர்கள் கன்னடப் பையன்கள். அவர்கள் கையில் நம்முடைய கொடி இருந்தது. நம் தாய்க்கு ஜே போட்டுக்கொண்டுதான் வந்தார்கள். நான் தமிழச்சி என்று நினைத்து அடித்தார்கள். தமிழச்சியாக இருந்திருந்தால் நீங்கள் இன்று வந்திருக்கவும் மாட்டீர்கள்."

கோவிந்தப்பா துண்டைச் சரி செய்துகொண்டார். லாரியில் நின்ற ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் நேற்று ஊர்வலத்தில் வந்தவர்களும் இருந்தார்கள். கோவிந்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, சங்கம் கடையைத் திரும்பக் கட்டிக் கொடுக்கும் என்று மட்டும் சொன்னார். வேண்டாம் என்றாள். வேனும் லாரிகளும் பின்பக்கமாகவே நகர்ந்து சந்தைவிட்டு வெளியேறின.

பெட்டி மாதிரி மூடியிருந்த வீடுகள் மெல்லத் திறந்தன. ஒருத்தி மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உத்தமன் நேராகச் சந்திரம்மாவிடம் போனான். அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா..."

"ஏனு பேக்கு?" என்றாள்.

என்ன வேண்டும் என்பதுதான். புதிதாகக் கடைக்கு வந்தவனிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். அவன் தமிழில் என்னென்னவோ சொன்னான். மன்னிப்பு என்றான், பையன் தெரியாமல் செய்துவிட்டான் என்றான். அவள் புரியாதவள் மாதிரி நின்றிருந்தாள். கடைசியில் அவனும் கன்னடத்துக்கு மாறினான். மாறியதும் சொல்ல வந்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தக் கன்னடம் கோஷம் போடவும் வரவேற்புரை படிக்கவும் கற்றுக்கொண்டது. அதில் அவனுக்கு அழத் தெரியவில்லை. சந்திரம்மா நல்ல கையால் கரிந்த மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்க ஆரம்பித்தாள்.

உத்தமன் வீட்டுக்குத் திரும்பினான். ராதா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ரவி அவனுக்காகவே காத்திருந்தவன்போல ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். தப்பித்த நிம்மதியோ வெட்கமோ அந்த முகத்தில் இருக்கும் என்று உத்தமன் நினைத்தான்.

"கேட்டியாப்பா?" பையனின் கண் கலங்கி மின்னியது. "எல்லார் எதிர்லயும் சொன்னாங்கப்பா. கோவிந்தப்பா எதிர்லயே சொன்னாங்க. கன்னடப் பசங்கன்னு. என்னைத்தாம்பா சொன்னாங்க!"

உத்தமன் அடிக்கக் கை ஓங்கினான். ரவி விலகவில்லை. ஓங்கிய கையைப் பார்த்து இமைகூட அசைக்கவில்லை. பையன் முகத்தில் பயம் என்பது பொட்டுக்கூட இல்லை. உத்தமனின் கை பாதியில் நின்றுவிட்டது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் கொடி ஏற்றினான்.